தேதி போன பேப்பர்

நெத்திலிக் கருவாட்டின் உப்பும் பழைய பேப்பரின் மையும் கடல்காற்றின் ஈரத்தில் ஊறினால் ஒரு வாசம் வரும். செய்தி என்று யாராவது சொன்னாலே இன்றைக்கும் என் மூக்கில் அந்த வாசம்தான் முதலில் ஏறுகிறது. ராயபுரத்தில் எங்கள் அம்மா கருவாடு விற்றவள், பொட்டலம் கட்டப் பழைய பேப்பரை எடைக்கு வாங்குவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காசிமேட்டு ஐஸ் கம்பெனிச் சுவரின் நிழலில் அம்மாவும் அவள் கூட்டாளிகள் நாலைந்து பேரும் குந்தி, அந்தப் பேப்பர்களை நாலாக மடித்து மீன் கத்தியால் கிழித்து அடுக்குவார்கள். தேதி இருக்கும் துண்டு ஓர் அடுக்குக்குப் போகும், செய்தி இருக்கும் துண்டு வேறோர் அடுக்குக்குப் போகும், அதற்குப் பிறகு எது போன வாரத்துச் செய்தி, எது பத்து வருஷத்துக்கு முந்தையது என்று அச்சடித்தவனே வந்தாலும் சொல்ல முடியாது.

அந்தக் கூட்டத்தில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்துகொள்ளவில்லை. தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன், பொடி எழுத்துக்கு என் பொறுமை போதாது, ஆகவே படத்தைப் பார்த்து மீதியை நானே சேர்த்துக்கொள்வேன். "இன்னா பிலோ, இந்த வாரம் எவன் கவுந்தான்?" என்று கேட்டால், மாலை போட்டிருப்பவர் ஜெயித்தவர், கை கட்டியிருப்பவர் தோற்றவர் என்று அரசியலை முடிப்பேன். பிறகு சினிமா, பிறகு விஞ்ஞானம். கடைசியாகக் "கடல் சேதி". அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது அது ஒன்றைத்தான், ஏனென்றால் அத்தனை பேர் வீட்டு ஆணும் கடல்மேல்தான் இருந்தான். காற்று, மழை என்று பொடி எழுத்தில் ஏதேதோ இருக்கும். நான் வாரா வாரம் ஒரே மூச்சில், "கடல் அமைதியாக இருக்கும்" என்று சொல்லிப் பேப்பரை மடித்துவிடுவேன். பெரிய பாவம்தான், அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஏதோ ஓர் எந்திரம் உடைந்து கீழே விழப்போகிறது என்று ஊரெல்லாம் பேசினார்கள். எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் பட்டப்பகலில் ஆட்கள் நடுவழியில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள், ஒருவர் பார்த்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள், மேலே ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாத நீலத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. நான் சும்மா இருப்பேனா? எண்ணூர் முகத்துவாரத்தில் விழும், மீனெல்லாம் வெந்துபோய் மிதக்கும், குழம்பு மட்டும் கூட்டினால் போதும் என்று படித்துவிட்டேன். சிரித்தார்கள், ஆனால் சிரித்துவிட்டு மேலேயும் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தத் துண்டு என் கைக்கு வந்தது. ஒரு பக்கம் பல்பொடி விளம்பரம், அதில் ஒரு பெண் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாள். அவள் கன்னத்தை ஒட்டினாற்போல நாலு வரிச் செய்தி, நடுவில் எனக்குத் தெரிந்த ஒரு பேர். அதனால்தான் பொடி எழுத்தை விடாமல் படித்தேன். விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக: "ரா…ய…புரம்… இன்னாசி… வயது முப்பத்தைந்து… கடலில்… மாயம்."

இன்னாசி மாமாவின் மனைவி ரோஸி அக்கா என் எதிரில்தான் குந்தியிருந்தாள், அவள் கையில் கத்தி பாதிப் பேப்பரில் நின்றுவிட்டது. மாமாவோ அன்று காலை பூசைக்கு வந்து, முன் பெஞ்சில் தூங்கிச் சாமியாரிடம் முறைப்பு வாங்கிய மனுஷன். அவருக்கு வயது முப்பத்து நாலு. ஆடி வந்தால் முப்பத்தைந்து.

"இன்னாடி படிக்கிற?" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "அந்தப் பேரு உள்ளவன் ஊருல நூறு பேரு கீறான். எந்தக் காலத்து பேப்பரோ!"

"பொய்தாம்மா. சும்மா சொன்னேன். எல்லா வாரமும் சும்மாதான் சொல்வேன்" என்று அழுதுகொண்டே உண்மையைக் கொட்டினேன்.

ரோஸி அக்கா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். உப்புக் கை, கன்னம் எரிந்தது. "அது எங்களுக்குத் தெரியும்டி. நீ பொய் சொன்னா சரசரன்னு வரும். இத எயுத்து எயுத்தா தடவிகினு படிச்ச."

"பழைய பேப்பரு ரோஸி" என்றாள் அம்மா மறுபடியும்.

"வானத்துலேந்து இரும்பு வியப்போவுதுன்னு முன்கூட்டியே போடுறானே, இத மட்டும் போட மாட்டானா?"

தேதி இருந்த துண்டைத் தேடினார்கள், நூறு துண்டில் எது என்று யார் கண்டார்கள்? அம்மா அந்தத் தாளை என் கையிலிருந்து பிடுங்கி, புளியந்தோப்பிலிருந்து வந்திருந்த வாடிக்கைக்காரிக்கு நெத்திலியைச் சுற்றி அனுப்பிவிட்டாள். போகும்போது அந்தப் பல்பொடிக்காரி பொட்டலத்தின் மேல்பக்கம் சிரித்துக்கொண்டே போனாள்.

ஆடி பிறந்ததும் ரோஸி அக்கா புருஷனைக் கடலுக்கு விடவில்லை. துடுப்பை ஒளித்தாள், வாசலில் குறுக்கே படுத்தாள். தெரு சிரித்தது, மாமாவும் சிரித்தார், ஆனாலும் விம்கோ நகர்ப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் வேலைக்குப் போய்விட்டார். கட்டுமரத்தில் அவர் இடத்துக்கு எண்ணூரிலிருந்து ஓர் ஆள் வந்தான், எங்கள் தெருக்கோடியில் தங்கினான். ஒல்லியாக இருப்பான், என்னைப் பார்த்தால் புருவத்தை ஆட்டுவான். அவன் பேர் என்ன என்று நாங்கள் விசாரிக்கவே பத்து நாள் ஆயிற்று. கேட்டபோது, "இன்னாசி" என்றான். வயதைக் கேட்க எவருக்கும் வாய் வரவில்லை.

ஐப்பசியில் கட்டுமரம் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அடுத்த வாரம் கிழிக்காத முழுப் பேப்பரிலேயே பார்த்தேன்: ராயபுரம் இன்னாசி, வயது முப்பத்தைந்து, கடலில் மாயம். பக்கத்தில் பல்பொடிக்காரி. அந்த விளம்பரம் வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தது என்பதும் நிஜம். நான் அன்று படித்தது வேறு எவனோ ஒரு பழைய இன்னாசியாகவும் இருக்கலாம். ரோஸி அக்கா அன்றிலிருந்து சாகும்வரை கோயிலில் ஒரு மெழுகுவத்திக்குப் பதில் இரண்டு ஏற்றினாள், இரண்டாவது யாருக்கு என்று சொன்னதில்லை. இன்னாசி மாமாதான் ஒருநாள் பட்டறையிலிருந்து வரும்போது என்னை நிறுத்திச் சொன்னார்: "அது எனக்கு வந்த சேதி பிலோ. வூடு மாறிப் பூட்ச்சி." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கே!

இப்போது கருவாடு பிளாஸ்டிக் பைக்குள் போய்விட்டது. ஐஸ் கம்பெனிச் சுவரைக் காணோம், அந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. சுவரோரம் குந்தியவர்களில் மிச்சம் நான் மட்டும்தான். மகள் ஒரு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறாள், அதில் வாரம் முழுக்க செய்தி கொட்டுகிறது: எந்தக் கட்சி உடைந்தது, எந்தக் கிரகத்தில் தண்ணீர் இருக்கிறது, எந்த ஊரில் வெள்ளம். போன வருஷத்துப் புயல் இந்த வருஷமும் புதுசாக வருகிறது. எல்லாமே கத்தியால் நாலாகக் கிழித்த பேப்பர்தான், ஒன்றிலும் தேதி இல்லை.

இன்னாசி மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னா பிலோ, இந்த வாரம் இன்னா சேதி?" என்பார். அரசியல், சினிமா, விஞ்ஞானம் எல்லாம் சொல்வேன். கடைசியில் கடலைக் கேட்பார். அவர் பேரையே வைத்த பேரன் போட்டில் போகிறான். வயது முப்பத்து நாலு.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு என் போன் முனகியது. வெளியே வந்து பார்த்தேன். யாரோ ஒரு பழைய பேப்பர்த் துண்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள், மங்கலாக, மேல் ஓரம் கிழிந்து. ஒரு பெண் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தை ஒட்டி நாலு வரி. கண்ணாடி போட்டு, விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

"பிலோ, கடலு எப்படி கீது?" என்று நாற்காலியிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "பையன் விடியக்காலமே பூட்டான்."

"கடல் அமைதியா கீது மாமா" என்றேன், ஒரே மூச்சில், சரசரவென்று.

மாமா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.