பட்டை போட்ட கம்ப்யூட்டர்

பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை என்னுடையது. ஊரார் வீட்டுப் பத்திரிகையையெல்லாம் நேரத்துக்குக் கொடுத்தவன், சொந்த மகளின் பத்திரிகையில் மாட்டிக்கொண்டேன். அதை என் கையாலேயே வடிவமைக்க வேண்டும் என்று அவள் பிறந்த நாளிலிருந்தே எனக்கு ஆசை. சம்பந்தி வீட்டார் கிள்ளான்காரர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் மாதிரி வராவிட்டால் தங்கள் பக்கத்திலேயே அடித்துக்கொள்வதாகப் பதமாகச் சொல்லிவிட்டார்கள். அப்படி நடந்தால் நான் எந்த முகத்தோடு கடையைத் திறப்பது?

அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் படுத்தது. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், குடும்பத்தின் கம்ப்யூட்டர் நிபுணர். வாட்ஸ்அப்பில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரிந்ததால் கிடைத்த பட்டம் அது. புது டிஸ்க் வாங்கி அவரே மாட்டினார். சும்மா சொல்லக்கூடாது, பழைய ஃபைல்களெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன.

மறுநாள் ஆயுத பூசை. பேப்பர் வெட்டும் மெஷினுக்கு ஒரு பொட்டோடு சரி. கம்ப்யூட்டருக்கோ ராஜ மரியாதை. மச்சான் சந்தனத்தைக் குழைத்து, புது டிஸ்க்குக்கு நேராகப் பட வேண்டும் என்று பெட்டியின் பக்கவாட்டில் மூன்று பட்டை இழுத்தார். மேலே திருநீறும் குங்குமமும் தாராளமாகத் தூவினார்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. காலையில் சுறுசுறுப்பாக எழும். கொஞ்ச நேரத்தில், சம்பந்தியின் பெயரில் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு நான் போய் தே தாரிக் டீ குடித்து வந்தாலும் அது திரைக்கு வந்திருக்காது.

"டிஸ்க் டூப்ளிகேட்டு மாப்ள. நல்லா ஏமாத்திட்டான்," என்றார் மச்சான்.

விற்றவருக்குப் போன் போட்டேன். "டிஸ்க் ஓகே லா அண்ணே. பெட்டி சூடாவுதா, பாத்தீங்களா?"

"வேல செஞ்சா சூடாவத்தான் செய்யும்," என்று மச்சான் மேசை விசிறியைக் கொண்டுவந்து பெட்டிக்கு நேராக வைத்தார். கம்ப்யூட்டர் இன்னும் மெதுவானது. மச்சானோ பெண் எடுத்த வீட்டின் மூத்தவர். வாயைத் திறக்க முடியுமா?

வெள்ளிக்கிழமை மகள் அரை நாள் லீவு போட்டுவிட்டு பெட்டாலிங் ஜெயா ஆபீசிலிருந்து நேரே கடைக்கு வந்தாள். பெட்டியைத் தொட்டவள் கையை உதறினாள். மூடியைக் கழற்றினாள். காற்றுப் போகிற துளைகளையெல்லாம் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. உள்ளே இருந்த விசிறி, மேசை விசிறி ஊதிவிட்ட குங்குமமும் திருநீறும் அப்பிக்கொண்டு சுற்ற முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. கரண்ட்டை நிறுத்திவிட்டு, தன் மேக்கப் பிரஷ்ஷாலேயே எல்லாவற்றையும் துடைத்தெடுத்தாள். மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு தட்டத் தட்ட எழுத்து வந்தது. மணமகள் என்ற இடத்தில் அவள் பெயரை அடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாதிரி கிள்ளானுக்குப் போனது. சம்பந்தி உடனே பதில் அனுப்பினார்: எல்லாம் சரி, அச்சடிக்கலாம்.

மச்சானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாமி படத்தடியிலிருந்து திருநீற்றை மூன்று விரலில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரை நோக்கி வந்தார். மகள் குறுக்கே கையை நீட்டினாள்.

"மாமா, கார்டு இன்னும் பிரிண்டுக்குப் போகல. அதுல தாய்மாமன் பேரு இருக்கணுமா, வேணாமா?"

மச்சான் அந்தத் திருநீற்றைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டார்.