கழுவி வந்த டப்பா

என் கணவருக்குச் சாப்பாட்டில் அளவு உண்டு என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபிகள் நாயகம் கற்றுத் தந்ததைக் கல்யாண வீடுகளில் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கமாக எடுத்துச் சொல்வார். சொல்லிக்கொண்டே, நாலு பேர் சேர்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் தன் பக்கத்துப் பிரியாணியை முடித்துவிட்டு அடுத்தவர் பக்கத்தை எட்டிப் பார்ப்பார். மூச்சுக்கான பங்கை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

ஆனால் ரமலான் வந்துவிட்டால் அவர் வேறு ஆள். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலை. வெயிலில் அந்த இரும்புப் பெட்டிகள் பக்கத்தில் நின்றாலே உடம்பு எரியும். சின்ன வயதிலிருந்து, அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகும், ஒரு நோன்பைக்கூட விட்டதில்லை. அவருடைய ஒரே கர்வம் அதுதான்.

போன வருஷம் சர்க்கரை ஏறி, இன்சுலின் ஊசி போட ஆரம்பித்தார்கள். நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் அதையேதான் சொன்னார். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, விட்ட நோன்புக்குப் பதில் ஏழைக்குச் சாப்பாடு கொடுங்கள், போதும் என்றார். இவர் இரண்டு பேரிடமும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மூலக்கொத்தளத்தில் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாட்டுக்கு ஏற்பாடும் செய்தார்.

நோன்பு தொடங்கியது. நான் விடியலுக்கு முன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தால் அவரும் எழுந்து உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். "உனுக்குத் தொணைக்குமே" என்றார். சாயங்காலம் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் என்னோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அதுவும் துணைக்குத்தான். எவ்வளவு பாசமான மனுஷன் என்று நானும் உருகிப்போனேன். மதியத்துக்குச் சப்பாத்தியும் பொரியலும் கட்டிக் கொடுத்த டப்பா தினமும் காலியாக, பளிச்சென்று கழுவித் திரும்பி வந்தது.

அங்கேதான் நான் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தான் சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷர் அவர்.

ஒரு மதியம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அவருடைய சிநேகிதர் இவரைத் தோளில் சாய்த்து இறக்கினார். ராயபுரத்துக்காரர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். என் கணவருடைய சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, உதடு வெளுத்திருந்தது. ஓடிப்போய் இன்னொரு தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க அண்ணி. நின்னுகினே இருந்தான், சரிஞ்சிட்டான். வாய்ல சக்கரத் தண்ணிய ஊத்தி, டாக்டராண்ட காமிச்சிட்டுதான் இட்டாந்தேன்" என்றார் சிநேகிதர். இவரை உட்கார வைத்த பிறகு அவருக்குக் கோபம் வந்தது. "நோன்பு வெக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னத எங்கிட்ட சொல்லவேல்ல அண்ணி. ஆட்டோலதான் வாயத் தொறக்கிறான். எங்களுக்குத் தவக்காலம், கவுச்சிய வுட்டேன், சரி. இவன் நோன்புல கீறானே, முன்னாடி குந்திகினு துன்னக் கூடாதுன்னு மத்தியான சோத்தயும் வுட்டுட்டேன். என்னியும் சேத்து பட்டினி போட்டான்."

"அப்ப நான் குடுத்த சாப்பாடு?" என்றேன்.

சிநேகிதர் கொஞ்சம் யோசித்தார். "அதான் யார்டு கேட்டாண்ட நாய்ங்கல்லாம் கொழுகொழுன்னு கீதா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு இந்த மனுஷரை இழந்திருப்பேனே என்ற பயம் அப்படியே கோபமாக வந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஊரே நோன்புல கீதுமே. நான் மட்டும் டப்பாவத் தொறந்துகினு குந்திகினா, அல்லா வெக்கிற விருந்துல என்னிய மட்டும் வெளிய நிக்க வெச்ச மாரி கீது."

சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை.

"ஊசியும் போட்டுக்கினு பட்டினியும் கெடந்து நீங்க போய்ட்டா, அடுத்த வருசம் சஹருக்கு எனக்கு யாரு தொண? மனசு இழுக்கிற நஃப்ஸுன்னா பிரியாணி மேல வர்ற ஆசை மட்டுந்தானா? வெக்காதன்னு சொன்ன நோன்ப வெச்சே தீருவேன்னு அடம் புடிக்கிதே, அதுவும் நஃப்ஸுதான். அத அடக்குங்க. உங்களுக்கு இனிமே அதான் நோன்பு."

சிநேகிதர் மெதுவாக, "அண்ணி சொல்றது கரீட்டு மாமு. நீ துன்னாதான் நானும் துன்ன முடியும்" என்றார். நோன்பு வாயோடு அந்த இரண்டு பேருக்கும் சோறு போட்டேன். இவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு வாய், இரண்டு வாய் சாப்பிட்டார்.

உடம்பு தேறி மறுபடி வேலைக்குப் போன அன்று, கவுச்சி இல்லாமல் சிநேகிதருக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். பகல் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் செய்து கேட்டால் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார், அதை எப்படி நம்புவது?

சாயங்காலம் வந்தார். பையை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். டப்பாவைத் திறந்தேன். கீரை ஓரமெல்லாம் காய்ந்து ஒட்டியிருந்தது. மூடியில் சிநேகிதர் வீட்டு எலுமிச்சை ஊறுகாயின் எண்ணெய். ஒரு துண்டுச் சப்பாத்தி மிச்சம். மூச்சுக்கான பங்கு போலிருக்கிறது.

"இன்னாங்க, டப்பாவக் கழுவி எடுத்தாரக் கூடாதா?" என்று குரல் கொடுத்தேன்.

"அது உன் வேலமே" என்றார் உள்ளேயிருந்து.

பாங்குக்கு இன்னும் நேரமிருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, அழுதுகொண்டே அந்த டப்பாவைக் கழுவினேன்.