எனக்குப் பதிலாக வாப்பா போன சனிக்கிழமை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்கள் போய்விட்டன. கொப்பியை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், பெத்த வாப்பாவைப் பற்றி ஊர் சிரிக்கிற மாதிரி எழுதலாமா என்று மனம் குத்தும், மூடி வைத்துவிடுவேன். ஆனால் எங்கள் ஊரான கண்டக்குழியில் இந்தக் கதை ஏற்கெனவே வேறு விதமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் வகுப்புக்கு வந்ததாகக் கள்ள வரவு போடப் போய் அகப்பட்டவர் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அது பொய். அல்லாஹ் அறிய நடந்தது இதுதான்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பில் இருந்தேன். கணக்கும் விஞ்ஞானமும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டே சனிக்கிழமைகளில் புத்தளம் டவுனில் உள்ள பயிற்சி நிலையத்துக்குப் போய் ஒரு தொழிலும் படிக்கலாம் என்றார்கள். அங்கே எடுக்கும் சான்றிதழ் பள்ளிக்கூடப் படிப்போடும் சேரும், வெளியே வேலைக்கும் உதவும். நான் பேக்கரி வேலையைத் தெரிவு செய்தேன். கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் தங்கும் இடங்கள் வந்துகொண்டிருந்த காலம். காலையில் அவர்களுக்குச் சுடச்சுட, நாங்கள் பணிஸ் என்று சொல்லும் பன் கொடுக்க ஊரில் ஆள் இல்லை என்று உம்மாதான் யோசனை சொன்னா.

வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"மா குழைக்கிறதுக்கு ஒரு படிப்பா? அதுக்கு பஸ்ஸேறி டவுனுக்குப் போகோணுமா? உம்மாக்கிட்டப் படிச்சா என்னவாம்?"

"எனக்கு ரொட்டி சுடத்தான் தெரியும். கேக் போட நீங்க படிப்பிச்சிக் குடுங்களன்" என்றா உம்மா.

வாப்பா படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அவருக்கு எழுதத் தெரிந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு சனியும் பஸ் நிறுத்தம் வரை வந்து, என்னையும் என் மாமாவின் மகளையும் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் "தம்பி, இது என்ட மகள். பாத்து எறக்குங்க" என்று சொல்லாமல் போனது கிடையாது. பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும். எனக்கு வெட்கமாக வரும்.

வாப்பா கரைவலை இழுப்பவர். அந்த வேலையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒருவருக்குச் சுகமில்லை என்றால் அவர் வீட்டிலிருந்து தம்பியோ மருமகனோ போய்க் கயிற்றைப் பிடித்தால் போதும். அவர் இடம் போகாது, பங்கும் போகாது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் ஒரு கேள்வி கேட்க மாட்டார். கை மாறினாலும் கயிறு கரைக்கு வந்தால் சரி. வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் தம்பி, என் சாச்சா, நின்றிருக்கிறார். சாச்சாவின் கல்யாணத்தன்று வாப்பா இரண்டு பேரின் வேலையையும் இழுத்திருக்கிறார்.

மூன்றாவது மாதம் எனக்கு டெங்கு பிடித்தது. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தும் எழும்பி நடக்க ஏலாது. இரண்டு சனிக்கிழமை போய்விட்டது. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சி, அதுதான் மாமாவின் மகள், கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, "நாளைக்கும் வரல்லண்டா ஒன்ட பேர வெட்டிருவாங்களாம்டி" என்றாள். நான் அழுத அழுகை பின்வீட்டுக்கும் கேட்டிருக்கும். பேர் வெட்டுப்பட்டால் அந்தப் படிப்பு அவ்வளவுதான். மறுபடி கையெழுத்துப் போடுங்கள் என்று வாப்பாவைக் கேட்க எனக்கு வாய் வராது.

வாப்பா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். விடிந்து நான் கண் திறந்தபோது அவர் வீட்டில் இல்லை. கடலுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். அன்று வாப்பாவுக்குப் பதிலாக சாச்சாதான் வலைக்குப் போயிருந்தார்.

வகுப்பில் நடந்ததை மச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் பெருநாளைக்குக் கட்டும் சாரமுமாக வாப்பா உள்ளே போய், என் இடத்தில் நின்றாராம். படிப்பிக்கிற மிஸ் சிலாபம் பக்கத்தவ. நல்ல மனிசி.

"நானா, ஆரப் பாக்க வந்தீங்க?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாவாம்.

"ஆரையும் பாக்க வரல்ல மிஸ். என்ட மகளுக்கு டெங்கு. அவக்குப் பதிலா நான் வந்திரிக்கன். வேல என்னண்டு சொல்லுங்க, செய்றன். அவட பேருக்கு வரவப் போடுங்க."

பிள்ளைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். மச்சி மேசைக்குக் கீழே குனிந்துவிட்டாளாம்.

"அப்பிடிப் போட ஏலாது நானா."

"வேலையச் செய்யாம வரவு கேட்டாத்தானே பிழை மிஸ்? நான் செய்றன் எண்டுதானே சொல்றன்."

ஈஸ்ட் கரைத்து வைத்தாயிற்று, நேரம் போகிறது. "சரி, கையக் கழுவிட்டு வாங்க. தலைய மூடோணும், தொப்பி ஒண்டு எடுங்க" என்றாவாம்.

"என்ட தலையில இரிக்கே மிஸ்" என்றாராம் வாப்பா, தன் வெள்ளைத் தொப்பியைத் தொட்டுக்காட்டி. அதற்கு மிஸ்ஸும் சிரித்துவிட்டா.

பிறகு வாப்பா மாவில் கை வைத்தார். கயிறு இழுத்துக் காய்ப்பு ஏறிய கை. மேசை ஆடுகிறது, பக்கத்துப் பிள்ளைகளின் கோப்பைகள் எல்லாம் துள்ளுகின்றன. "நானா, நானா! அது வலை இல்ல, இழுக்காதீங்க. தள்ளி மடிங்க" என்று மிஸ் வந்து காட்டிக்கொடுத்தா. வாப்பா "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரிச் செய்தாராம். உருண்டை பிடித்து, தட்டில் அடுக்கி, கண்ணாடிக் கதவு போட்ட மின் போறணையில் வைத்து, அது வேகும் வரை கண்ணாடிக்கு முன்னாலேயே குந்திக்கொண்டு இருந்தாராம்.

வகுப்பு முடிந்ததும் மிஸ் வரவுப் புத்தகத்தை விரித்துக் காட்டியிருக்கிறா.

"நானா, நீங்க நல்லாத்தான் செய்தீங்க. ஆனா இது ஒங்கட மகள்ட கைக்கு என்ன தெரியும் எண்டு பாக்கிற புத்தகம். நாளைக்கு அவ தனிய நிண்டு செய்யக்குள்ள ஒங்கட கை வராதே."

வாப்பா "நான் பொய் சொல்லி வரல்ல மிஸ். புள்ளைக்கு மெய்யாவே சுகமில்ல" என்று சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். வழிக்கு உதவட்டும் என்று உம்மா வைத்துவிட்ட துண்டு.

மிஸ் அதைப் படித்துவிட்டு நெற்றியில் கையை வைத்துக்கொண்டா. "இதக் காலையிலேயே தந்திருந்தாப் போதுமே நானா! இது நோய் லீவு. பேர வெட்ட மாட்டாங்க. விட்ட பாடத்த அவ பள்ளிக்கூட லீவுல வந்து செய்யலாம்."

"அப்ப நான் குழைச்ச மா?"

"அது ஒங்கட. வீட்டுக்குக் கொண்டு போங்க."

ளுஹர் தொழுகைக்குப் பிறகு வாப்பா ஒரு கடதாசிப் பையோடு வந்தார். உள்ளே ஆறு பணிஸ். கட்டிலில் என் பக்கத்தில் இருந்து, ஒன்றைப் பிய்த்துத் தேநீரில் நனைத்து ஊட்டினார். நனைக்காமல் தின்ன ஏலாது, அவ்வளவு கல். "பேர் வெட்டுப்படாது. மிஸ் சொல்லிட்டா" என்றார். எனக்குப் பாதிக் காய்ச்சல் அப்போதே போய்விட்டது. கொஞ்சம் பொறுத்து, தனக்குத்தானே சொல்வது போல, "அங்க ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் நிக்க ஏலாதாம் மகள்" என்றார்.

பிள்ளைகளுக்கு முன்னால் வெட்கப்பட்டுவிட்டார், அந்தக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். நான் சுகமாகிப் போன முதல் சனி வாப்பா பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். ஆனால் கண்டக்டரிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நான் ஏறினேன். அவர் இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் சாரத்தில் துடைத்துக்கொண்டு நின்றார். இன்னும் கோபம் ஆறவில்லை போல என்று நினைத்தேன். மனது கொஞ்சம் நொந்தது. அதே நேரம் கண்டக்டர் தொல்லை ஒழிந்ததே என்ற சந்தோஷமும் இருந்தது.

விட்ட பாடங்களை லீவில் போய்ச் செய்தேன். சான்றிதழும் எடுத்தேன், அல்ஹம்துலில்லாஹ். இன்று என் வீட்டுப் போறணையில் வேகும் பணிஸ்தான் கடற்கரையில் இரண்டு இடங்களுக்குப் போகிறது. வாப்பாவே சைக்கிளில் கொண்டு போய்க் கொடுக்கிறார்.

இந்த வருடம் என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். வாசலில் என் கையை விட மாட்டேன் என்று அழுதாள். அவளுக்குப் பதிலாக நானே உள்ளே போய் இருந்துவிட்டு வரலாமா என்று மெய்யாகவே தோன்றியது. டீச்சர் வந்து கூட்டிக்கொண்டு போனா. அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனதும், என்ன செய்கிறேன் என்று தெரியாமல் நான் இரண்டு கையையும் அபாயாவில் துடைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பஸ் நிறுத்தத்தில் நின்ற வாப்பா எனக்கு விளங்கினார். அது கோபம் இல்லை.

எழுதட்டுமா என்று வாப்பாவிடம் கேட்டேன். "எழுது. அந்த மிஸ்ஸப் பத்தி நல்லதா எழுது. பணிஸ் கல்லு எண்டு மட்டும் எழுதாத" என்றார். எழுதிவிட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

படிக்கிற நீங்கள் இதை யாருக்காவது சொன்னால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். அவர் வரவு திருடப் போனார் என்று கூட்டிவிடாதீர்கள், பணிஸ் நன்றாக வந்தது என்றும் மாற்றிவிடாதீர்கள். அன்று அவர் மகளுக்கு வரவு போடப்படவில்லை. வரவு இல்லாமல்தான் அவர் வீட்டுக்கு வந்தார்.