அடிமனைக்காரர்களுக்குத் தேநீர்

1990 மார்ச் 25: குத்தகை தொடக்கம், 99 ஆண்டுகள்.
1998 ஜூன் 12: இரண்டாம் எண் வீடு விற்பனை, 54,500 பவுண்டு.
2004 செப்டம்பர் 3: அடிமனை வாங்கியது, வீட்டுக்கு 4,100. பணம் கட்டியவை ஏழு வீடுகள்.
2009 ஜனவரி 9: கூரைப் பழுதுக்கு இரண்டாம் எண்ணின் பங்கு, 2,275.
2009 மார்ச் 25: குத்தகையில் மீதி எண்பது ஆண்டுகள்.
2009 மார்ச் 26: கேட்ட விலை, 18,200.

இரண்டாம் எண் மியூரியல் டாப்செல்லின் வீடு. சீஃபர்டில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே, எட்டு வீடுகள் கொண்ட மூன்று மாடிக் கட்டடம் எங்களுடையது. எல்லாமே குத்தகை வீடுகள். மண் வேறொருவருக்குச் சொந்தம். குத்தகையில் ஆண்டு குறையக் குறைய வீட்டின் விலையும் இறங்கும். 2004இல் அந்த மண், அதாவது அடிமனை, விற்பனைக்கு வந்தபோது ஏழு வீட்டார் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கி அதை வாங்கினோம். எங்கள் குத்தகைகளை நாங்களே 999 ஆண்டுகளாக நீட்டி எழுதிக்கொண்டோம். சேராதவர் மியூரியலின் கணவர் ரான் மட்டும்.

"மண்ணை வாங்கி என்ன பண்ணப் போறோம்? உருளைக்கிழங்கு நடப் போறோமா?" என்று படிக்கட்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். மறு ஆண்டு இறந்துபோனார். சிரிப்புக்கான செலவு மனைவியின் தலையில் விழுந்தது.

கம்பெனியின் ஆண்டுக் கூட்டம் மியூரியலின் கூடத்தில்தான் நடக்கும். தரைத்தளம், பெரிய அறை, நான்காம் எண் பெரில் ஏக்ஹர்ஸ்டின் முழங்காலுக்குப் படி ஏற வேண்டாம். மியூரியல் கம்பெனியில் உறுப்பினர் இல்லை என்பதால் கூட்டத்தில் உட்கார முடியாது. சமையலறையில் இருப்பார். இரண்டு அறைக்கும் நடுவே உணவு பரிமாற ஒரு சின்னக் கதவு, அலமாரிக் கதவு அளவு. அதைத் திறந்து, "அடிமனைக்காரங்களே, டீ ரெடி!" என்பார். எல்லோரும் சிரிப்போம். காப்பியும் வால்நட்டும் போட்ட கேக் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

2008 அக்டோபரில் மியூரியலின் அக்கா வின்னியிடமிருந்து கடிதம் வந்தது. வின்னி லட்லோவில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் இருந்தார். வயது எண்பத்தொன்று, பார்வை போய்க்கொண்டிருந்தது. அடுத்த கதவு வீடு காலியாகிறது, ஏப்ரல் 30 வரை உனக்காக வைத்திருப்பார்கள் என்று எழுதியிருந்தார். அங்கே விலை 139,500. ஜனவரியில் மியூரியலின் வீட்டுக்கு 148,000 தருவதாக ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அவர்களுடைய வங்கி ஒரு நிபந்தனை வைத்தது: முதலில் குத்தகையை நீட்டித் தர வேண்டும். அன்றைய கணக்கில் அதற்கு 5,200, வக்கீலுக்கு 1,900. எல்லாம் போக 1,400 மிஞ்சும். லாரிக்கும் திரைச்சீலைக்கும் அது போதும்.

ஆனால் எண்பது ஆண்டுக்குக் கீழே போனால் சட்டத்தில் கணக்கு மாறுகிறது. நீட்டுவதால் வீட்டுக்கு ஏறும் மதிப்பில் பாதியை அடிமனைக்காரர் கேட்கலாம். அந்தத் தேதி மார்ச் 25.

பிப்ரவரி முதல் வாரம் தபால் பெட்டிகளுக்கு அருகே மியூரியல் என்னை நிறுத்தினார்.

"வக்கீல் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடச் சொல்றான். போட்டு அனுப்பிட்டா கம்பெனியால மறுக்கவே முடியாதாம். அன்னைக்கு விலைதானாம். என் கேக்கைச் சாப்பிடறவங்களுக்கு வக்கீல் நோட்டீஸா? நல்லாவா இருக்கும்?"

நான் பதில் சொல்வதற்குள் கம்பெனித் தலைவர் கிளைவ் பென்னிகாட் கோல்ஃப் பையுடன் இறங்கி வந்தார். அவர் ஏழாம் எண், மேல்தளம்.

"நோட்டீஸெல்லாம் எதுக்கு மியூரியல்? நாம என்ன அந்நியங்களா? கூட்டத்துல ஒரு வார்த்தை, முடிஞ்சுது கதை."

"அது போதும் கிளைவ். உங்க வாக்கு போதும் எனக்கு."

கூட்டம் பிப்ரவரி 12 என்று இருந்தது. பெரிலின் முழங்காலுக்காக மார்ச் 5க்குத் தள்ளினோம். பிறகு கிளைவ் டெனரீஃபுக்குப் போக வேண்டியிருந்தது. ஊருக்குப் போகும் முன் என் கதவைத் தட்டினார்.

"இருபத்தாறுன்னு போடுங்க. இருபத்தஞ்சு வேண்டாம்."

நான் செயலாளர். இருபத்தாறு என்று குறித்து, எட்டு வீட்டுக்கும் அறிவிப்பு போட்டேன். மியூரியலுக்கும் ஒன்று, ஏனென்றால் இடம் அவருடையது. தன் வக்கீல் இரண்டு முறை தொலைபேசியில் எச்சரித்ததாக மியூரியல் பின்னால் என்னிடம் சொன்னார். "கிளைவ் வாக்கு குடுத்திருக்கார்" என்றே இரண்டு முறையும் பதில் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 26, வியாழன், மாலை மூன்று மணி. ஏழு பேரும் வந்தோம். கேக் வந்தது, தேநீர் வந்தது. கிளைவ் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஒரு அஞ்சு நிமிஷம் மியூரியல், உங்க விஷயம்தான்" என்றார். பரிமாறும் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். மூடினேன். அது மெல்லிய பலகை.

"நேத்து வரைக்கும் அஞ்சாயிரத்து இருநூறு. இன்னைக்கு அந்தக் கணக்கு செல்லாது" என்றார் கிளைவ்.

"எவ்வளவு ஆகும்?" என்றார் பெரில்.

"வக்கீல் வழியாப் போனா எட்டாயிரமோ என்னமோ. ஆனா அதுக்கு ஒரு வருஷம் இழுக்கும். அவங்களுக்கு ஒரு மாசம்தான் இருக்கு. கூரைக்கு எவ்வளவு கேட்டான்?"

என் தாளைப் பார்த்துச் சொன்னேன்: "பதினெட்டாயிரத்து இருநூறு."

"அப்ப அதுதான் விலை. நம்ம பையில கை வைக்க வேண்டியதில்ல."

"கூரைக்கு அவங்க பங்கை ஏற்கெனவே கட்டிட்டாங்களே. நாமதான் இன்னும் யாரும் கட்டல" என்றார் பெரில்.

"மிச்சத்துல படிக்கட்டுக்குக் கம்பளம் போட்டுடலாம் பெரில். உங்க முழங்காலுக்கு இதமா இருக்கும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். பெரில் தட்டிலிருந்த துண்டைப் பார்த்தார். "பாவம், கேக் வேற பண்ணியிருக்கா."

"கேக்குக்குத் தனியா நன்றி சொல்லுவோம். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். ஏழு கை உயர்ந்தது, பெரிலின் கை கடைசியாக.

கதவைத் திறந்தபோது மியூரியல் தேநீர்க் கெண்டியைக் கையில் பிடித்தபடி அந்தப் பக்கமே நின்றிருந்தார். கிளைவ் தொகையைச் சொன்னார்.

"அது கூரைக்காரன் கேட்ட தொகை இல்லையா?" என்றார் மியூரியல்.

பெரில் தட்டை நீட்டி, "மியூரியல் கண்ணு, இன்னொரு துண்டு கிடைக்குமா? ரொம்பப் பஞ்சா இருக்கு" என்றார். மியூரியல் வெட்டிக் கொடுத்தார். எல்லோருக்கும் இன்னொரு கோப்பை ஊற்றினார். தன் வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் நடக்காததுபோல் நடந்துகொண்டார்.

விலையைக் குறைக்கச் சொல்லி மூன்று முறை எழுதினார். மூன்றும் "அன்புள்ள கிளைவ்" என்று தொடங்கியவை. அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று மூன்றுக்கும் நானே தட்டச்சு செய்து அனுப்பினேன். ஏப்ரல் 17 அன்று இளம் தம்பதி வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். ஏப்ரல் 30 அன்று வின்னிக்கு அடுத்த கதவு வேறு யாருக்கோ போனது.

கூரை காத்திருந்தது. மியூரியலின் பணம் வரும் என்று நம்பி யாரும் தங்கள் பங்கைக் கட்டவில்லை. அவர் கட்டிய 2,275 வங்கியில் கிடந்தது. ஜனவரி 2010 பனி உருகியபோது தண்ணீர் கிளைவின் படுக்கையறைக் கூரையைப் பிளந்து மெத்தையில் இறங்கியது. அவசர வேலைக்குக் கூரைக்காரன் கூடுதலாகக் கேட்டான். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே பணம் கட்டினோம். மியூரியலும் இன்னொரு முறை கட்டினார்.

கட்டடத்துக்கு வரும் தபாலை வீடு வாரியாக அடுக்குவது என் வேலை. லட்லோவிலிருந்து வரும் உறைகளில் வின்னியின் எழுத்து மாதத்துக்கு மாதம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிப்ரவரியில் வந்த உறையை மியூரியலின் பெயரே முழுதாக அடைத்துக்கொண்டிருந்தது. தெருவின் பெயர் பின்பக்கத்தில் இருந்தது.

"ரெண்டு கதவு தள்ளி ஒண்ணு காலியாகுதாம்" என்றார் மியூரியல். "பழைய விலைக்கே தருவாங்களாம். வின்னிக்கு இப்ப கெட்டில் எங்க இருக்குன்னுகூடத் தெரியல. தடவித் தடவிக் கையைச் சுட்டுக்கறா. கிளைவ்கிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன்."

கேட்டேன். கிளைவ் ஈரக் கறையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"ஒண்ணும் வராததுக்கு அஞ்சாயிரத்து இருநூறு மேல். கம்பெனிக் கணக்குல ஒரு காசு இல்ல. குடுத்துத் தொலைங்க."

மார்ச் 24 மாலை படிக்கட்டிலேயே நின்று கூட்டத்தை முடித்தோம். முதல் முறையாகக் கேக் இல்லை. மியூரியலிடம் அறையைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. 5,200க்கு ஏழு பேரும் ஒப்புக்கொண்டோம். "பாத்தீங்களா, பொறுமையா இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்றார் பெரில்.

இரவே கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். காலையில் வந்த தபாலோடு சேர்த்து மியூரியலின் கதவுத் துளையில் போட்டேன். தபாலில் லட்லோ முத்திரையோடு ஓர் உறை இருந்தது. முகவரி சின்ன எழுத்தில், தட்டச்சில் இருந்தது. உள்ளே கேக் வேகும் வாசனை. கதவைத் திறந்த மியூரியல் எங்கள் கடிதத்தை முதலில் பிரித்தார். நின்றபடியே படித்து, "நன்றி, எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார். பிறகு மற்றதைப் பிரித்தார்.

வின்னி திங்கள்கிழமை இறந்துவிட்டதாகக் குடியிருப்பு மேலாளர் எழுதிய அந்தக் கடிதம் வந்தது 2010 மார்ச் 25, வியாழன்.