நடீன் பூட்ஸைக் கழற்றிய இடம்

நடீன் ஓஸ்ட்பி மொன்டானாவின் கிழக்குப் பக்கத்தில் கேஸ் லாரி ஓட்டுகிறாள். பண்ணை வீடுகளின் பின்னால் வெள்ளைத் தொட்டிகள் படுத்திருக்குமே, அவற்றை நிரப்புவதுதான் அவள் வேலை. ஐம்பதை நெருங்கும் வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "யாராவது கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்" என்பாள். ஒருவன் கேட்டதும், அவள் யோசித்து முடிப்பதற்குள் அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதும் ஊருக்கே தெரியும்.

முடிவெடுப்பது அவளுக்கு அத்தனை சுலபமாக வந்ததில்லை. லாரியில் மட்டும் விதிவிலக்கு. எந்தத் தொட்டிக்கு எந்தப் பாதை, எங்கே சேறு, எங்கே நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவள் கைகளுக்கே தெரியும். கீழே இறங்கினால்தான் குழப்பம் ஆரம்பிக்கும்.

அவள் வில்லெடுத்ததே லாரியால்தான். துப்பாக்கி வேட்டைக்கு அனுமதி கிடைக்கும் மாதத்தில்தான் குளிர் இறங்கும், ஊரே கேஸ் கேட்கும், ஒரு நாள் விடுப்புக் கிடைக்காது. செப்டம்பரில் வில் வேட்டைக்காரர்களுக்குத் தனியாக விடுவார்கள். அப்போது அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரமிருக்கும். அண்ணன் வெர்லின் முனைகளில் கப்பி வைத்த தன் பழைய வில்லை அவளிடம் கொடுத்தான். அதோடு புத்திமதியும் கொடுத்தான், அதுதான் வினை.

வெர்லின் டிராக்டர் பட்டறையில் வெல்டிங் செய்கிறவன். அவனுக்கு எல்லாம் கனமாக இருக்க வேண்டும். "கனமான அம்புதான் எலும்பைத் தாண்டும். தண்ணி, கத்தி, மூட்டுக்கவசம், மூணு கால் மேல நிக்கிற தொலைநோக்கி, எல்லாம் எடுத்துக்கோ. அந்தப் பொட்டல்ல எதுவும் கெடைக்காதுடி" என்பான்.

கேஸ் கம்பெனியில் அவளோடு வேலை பார்க்கும் தேயருக்கு இது கேட்டாலே சிரிப்பு. "உங்க அண்ணன் உன்னை மான் வேட்டைக்கு அனுப்பறானா, குடி மாத்தி அனுப்பறானா? நீ புல்லுக்குள்ள வயித்தால ஊரப்போற நடீன். லேசான அம்பு எடு, நேராப் பாயும். கடைசித் தூரத்துக்குப் பையைக் கீழ போட்டுடு, பூட்ஸையும் கழட்டிடு. சாக்ஸோட போனா மானுக்குச் சத்தமே கேக்காது."

ரெண்டு பேரும் சொல்வது சரியாகத்தான் பட்டது. அதனால் இரண்டையும் செய்தாள். தேயர் சொன்னபடி ஒற்றை முள் வைத்த குறிக்கருவியை வில்லில் பொருத்தினாள். ஒரு சக்கரத்தைத் திருகித் தூரத்துக்குத் தக்கபடி அந்த முள்ளை ஏற்றி இறக்கலாம். அதை லேசான அம்புக்குத்தான் சரிபார்த்திருந்தாள். ஆனால் வெர்லின் வீட்டுக்கு வந்து அம்புக்கூட்டைப் பார்த்துவிட்டுப் பேசிய பேச்சில், எண்ணிக்கூடப் பார்க்காமல் அதில் பாதிபோலக் கழற்றிக் கனமான அம்புகளைச் செருகிக்கொண்டாள். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் மஞ்சள் இறகு.

அந்தச் சனிக்கிழமை காலை, ஆரின் மேடாக்ஸின் பண்ணையில் லாரியை அல்ல, தன் சொந்த வண்டியை நிறுத்திவிட்டு மேட்டிலிருந்து பைனாகுலரில் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய மட்டும் காய்ந்த புல்லும் சாம்பல் நிறப் புதர்களும்தான். மரமென்று ஒன்று கிடையாது. ஒரு வறண்ட ஓடையின் கரை நிழலில் மூன்று கலைமான்கள் படுத்திருந்தன. பெரிய காதுகள் மட்டும் அவ்வப்போது அசைந்தன. காற்று மேற்கிலிருந்து வந்தது. தன் வாடை மான்களுக்குப் போகாதபடி அவள் வெகுதூரம் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கமாக ஓடையை நெருங்கினாள்.

கடைசி மேட்டுக்கு வந்ததும் பையைக் கழற்றினாள். பிறகு பூட்ஸ். கழற்றுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்து, ஒன்றைக் கழற்றி, மறுபடி போட்டு, கடைசியில் இரண்டையும் கழற்றினாள். திரும்பி வர அடையாளம் வேண்டுமே என்று சுற்றிலும் பார்த்தாள். எதிர்ச் சரிவில் பெரிதாக வெள்ளைப் பாறை ஒன்று தெரிந்தது. அதற்கு நேர் எதிரே என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

ஊர்ந்து போனபோது தரையோடு படர்ந்த கள்ளி அவள் உள்ளங்கையிலும் முழங்காலிலும் பாதத்திலும் ஏறியது. மூட்டுக்கவசம் பையில் இருந்தது. புல் நுனிக்கு மேலே கொம்பு தெரிந்தபோது தூரமானியைக் கண்ணில் வைத்தாள். பதினேழு கெஜம் என்றது. அது முன்னாலிருந்த புல்லின் தூரம். மறுபடி அழுத்தினாள், நாற்பத்தாறு என்றது. மானா, மானுக்குப் பின்னால் இருக்கும் கரையா என்று தெரியவில்லை. மூன்றாவது தரம் அழுத்துவதற்குள் பிடரியில் காற்று பட்டது. காற்று திரும்பிவிட்டது.

மூன்றும் எழுந்தன. அவள் வில்லை இழுத்ததும் விட்டதும் அவளுக்கே கனவு மாதிரி இருந்தது. சக்கரத்தைத் திருகினாளா, எந்த அம்பை எடுத்தாள், எதுவும் நினைவில்லை. 'தப்' என்று ஒரு சத்தம். இரண்டு மான்கள் இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் ஓடின. பட்டது எதன் மேல்? மண்ணிலா?

அடிபட்ட மான் எங்காவது படுக்கும்வரை உடனே பின்னால் போகக்கூடாது என்பது மட்டும் தெரியும். அந்த நேரத்தில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று திரும்பினாள். வெள்ளைப் பாறையைக் காணோம்.

முதலில் தான்தான் தப்பான பக்கம் பார்ப்பதாக நினைத்தாள். சரிவு அங்கேயேதான் இருந்தது. அல்லது அது போலவே இன்னொரு சரிவு. எல்லாப் புதரும் ஒரே மாதிரி இருந்தன. ஒரு மேட்டில் ஏறினாள், இன்னொன்றில் இறங்கினாள். தண்ணீர், கத்தி, போன், மான் மேல் கட்ட வேண்டிய அனுமதிச் சீட்டு எல்லாம் அந்தப் பையில்தான். சாக்ஸ் கிழிந்து குதிகால் வெளியே வந்தது. அழுகை வரும் போலிருந்தது, ஆனால் எதற்கு அழுவது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பூட்ஸை விட்டுவிட்டு ரத்தம் தேடலாம் என்று மான் நின்ற இடத்துக்கு வந்தாள். புல்லில் ரத்தம் இருந்தது. நல்ல சிவப்பு. அம்பின் முன்பாதி ஒடிந்து கிடந்தது, இறகுள்ள பாதியைக் காணவில்லை. வலப்பக்கம் ஓடியது வெகுதூரம் போகவில்லை. ஓடையின் வளைவில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கண் திறந்திருந்தது. நடீன் அதன் கழுத்தில் கை வைத்தாள். இளஞ்சூடு. இத்தனை நாள் வேண்டுமென்று அலைந்தது இதற்குத்தான். சந்தோஷம் வருமென்று காத்திருந்தாள். வந்தது சந்தோஷமா, வெயிலா, தாகமா, சொல்லத் தெரியவில்லை. இறைச்சி கெட்டுவிடுமே என்ற பயம் மட்டும் தெளிவாக இருந்தது.

எங்கோ நாலு சக்கர மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டது. மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த ஆரின் மேடாக்ஸ். அவள் எழுந்து வில்லை ஆட்டினாள். கிழவர் வந்து நிறுத்தி, மானைப் பார்த்தார், பிறகு அவள் காலைப் பார்த்தார்.

"பூட்ஸ் எங்கம்மா?"

"தெரியல."

"வண்டி?"

"அந்தப் பக்கம்னு நெனைக்கிறேன்."

"அந்தப் பக்கம் போனா அடுத்த மாநிலம், வடக்கு டகோட்டா." அவர் தண்ணீர்க் குப்பியை நீட்டினார். "அடையாளம் ஏதாவது வச்சியா?"

"பெரிய வெள்ளைப் பாறை. இப்ப அதைக் காணோம்."

ஆரின் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "என் நெலத்துல வெள்ளைப் பாறையே கெடையாது. வெள்ளை மாடு இருக்கு. காலையில இந்தப் பக்கம் படுத்திருந்துது. இப்ப தண்ணி குடிக்கப் போயிடுச்சு."

நடீன் தண்ணீரை வாயில் வைத்தபடியே நின்றாள். கிழவர் சிரிக்கவில்லை. அதற்காக அவள் அவரை என்றைக்கும் மறக்கவில்லை. "ஏறு, மாடு படுத்த எடம் எனக்குத் தெரியும்" என்றார். பை அடுத்த மேட்டின் மறுபக்கம் கிடந்தது. அவள் தேடியது பக்கத்து ஓடையில்.

சீட்டைக் கட்டி, குடலெடுத்து, மானை வண்டியில் ஏற்றி வெர்லினின் கொட்டகைக்குக் கொண்டுபோனபோது தேயரும் அங்கே இருந்தான். தோலுரிக்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது.

"விலா எலும்ப ஒடச்சிருக்கு பாரு. கனமான அம்பு" என்றான் வெர்லின்.

"கனமானதா இருந்தா கீழ விழுந்திருக்கும். குறியே லேசானதுக்குத்தான் வச்சது" என்றான் தேயர்.

"நீயே சொல்லு, எது?" என்று வெர்லின் நடீனைக் கேட்டான்.

"தெரியல" என்றாள்.

"முள்ளை எந்தத் தூரத்துல வச்ச?" என்றான் தேயர்.

"அதுவும் தெரியல. ஊர்ந்ததுல சக்கரம் எங்கெங்கயோ திரும்பியிருக்கு."

இருவரும் அவளையே பார்த்தார்கள். பிறகு அவள் வில்லெடுக்காதது போலவே தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். ஒடிந்த துண்டைத் தராசில் வைத்தார்கள். ஒரு துண்டின் எடையிலிருந்து முழு அம்பின் எடையைக் கணக்குப் போட முடியுமா என்று வாதம் நீண்டது. நடீன் முதுகுச் சதையிலிருந்து ஒரு பட்டையை அறுத்து, வெங்காயத்தோடு வெண்ணெயில் வதக்கி, வெர்லின் வீட்டு அடுப்படியில் நின்றபடியே தின்றாள். ருசியாக இருந்தது. அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

திங்கட்கிழமை பாதம் வீங்கி எந்தச் செருப்பிலும் நுழையவில்லை. வெர்லின் தன் பூட்ஸ் மேல் போடும் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு லாரி ஓட்டினாள். ஒவ்வொரு பண்ணையிலும் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அவளும் மாடு உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். ஒருவர் அடியில் கம்பளி ஒட்டிய சாக்ஸ்தான் சரி என்றார். ஒரு பெண் பூட்ஸைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளச் சொன்னாள். இன்னொருவர் தோல் செருப்பு ஒன்றைக் கொண்டுவந்து அவள் மடியிலேயே வைத்துவிட்டார்.

நடீன் எல்லோரிடமும், "நீங்க சொல்றதும் சரிதான்" என்றாள். அதை அவள் மனசாரத்தான் சொன்னாள்.