மைக் வைக்காத இடம்

அன்றைக்கு நடந்தவை, வரிசைப்படி:

1. அப்பா பணி ஓய்வு பெற்று, ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ஐயப்பன்தாங்கல் அடுக்ககத்துக்கு வந்த இரண்டாம் மாதம் ஹோம் தியேட்டர் ரிசீவரும் ஐந்து ஸ்பீக்கர்களும் வந்து இறங்கின.
2. ஒவ்வொரு ஒயருக்கும் பெயர் எழுதி ஒட்டி நான் இணைத்தேன்.
3. ரிசீவரோடு வந்த சின்ன மைக்கை அப்பாவின் நாற்காலியில், அவர் காது உயரத்துக்கு நிறுத்தினேன்.
4. அளவெடுத்து முடியும்வரை வீட்டில் சத்தமே கூடாது என்றேன்.
5. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவை வெளியே போய் நிற்கச் சொன்னார் அப்பா.
6. அம்மா ஈரக் கையோடு லிஃப்ட் அருகே போய் நின்றாள். கதவைச் சாத்தியது நான்.

அந்த மைக் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் விட்டுவிட்டு ஓர் ஒலி எழுப்ப, மைக் அதைக் கேட்கும். எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தூரம், எது எவ்வளவு சத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதை ரிசீவர் அதை வைத்தே முடிவு செய்யும். எட்டு இடங்கள்வரை அளக்கலாம். நான் மூன்று இடங்களில் வைத்தேன்: அப்பாவின் நாற்காலி, சோபாவின் இரண்டு முனைகள். அம்மா படம் பார்ப்பது சமையலறை வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து. அங்கே வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இத்தனைக்கும் ஒலிக்கருவிகளைச் சோதிப்பதுதான் என் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் தொழிற்சாலை நண்பர்கள் படம் பார்க்க வருவார்கள். முதுகுக்குப் பின்னால் மழை பெய்வதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நடுவில், ஸ்டூலிலிருந்து அம்மாவின் குரல் வரும். அம்மா பூந்தமல்லிக்காரி.

"இன்னாடி சொன்னான் அவன்?"

முதலில் பதில் சொன்னேன். பிறகு, "அப்புறம் சொல்றேம்மா" என்றேன். அப்பா நண்பர்களிடம் சொன்னார்: "இவளுக்குப் படம் காட்டணும்னா பக்கத்துல ஒரு ஆளை உக்கார வெச்சு கதை சொல்லச் சொல்லணும்பா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒருமுறை, வசனம் வரும் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் கூட்டி வைத்தேன். இரண்டு நாள் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா என்னிடம், "என்னம்மா, நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பழையபடி மாற்றிவிட்டார். அந்த இரண்டு நாட்கள் எனக்கு எதையோ சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு அம்மா கேட்பதையே நிறுத்திவிட்டாள். படம் புரியப் பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டோம்.

இரண்டு வருடம் கழித்து, குக்கர் விசில் கேட்காமல் பருப்பு கருகிய பிறகுதான் கரையான்சாவடியில் ஒரு காது மருத்துவரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் அம்மா ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். ஒலி கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். ரிசீவர் எழுப்பிய அதே மாதிரியான ஒலிகள்தான். அவள் விரல் வெகுநேரம் மடியிலேயே கிடந்தது. வந்த வரைபடத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட கோடுகளைத் தினமும் பார்க்கிறவள் நான். இடது காதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. "முன்னாடியே வந்திருக்கலாமே," என்றார் மருத்துவர். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று நான் கவனிக்கவில்லை.

போன ஞாயிறு, அப்பா வெளியே போயிருந்த நேரம், அந்த மைக்கைத் தேடி எடுத்து ஸ்டூலின் மேல், அம்மாவின் காது உயரத்துக்கு நிறுத்தினேன். அவளிடம் சொல்லலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம். அடுப்பை அணைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே, லிஃப்ட் அருகே போய் நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்பதற்காகத்தான் இது என்று உரக்கச் சொன்னேன்.

"எனக்கு எதுக்குடி? முடிச்சிட்டு கூப்புடு," என்றாள்.

ரிசீவரில் இப்போது இரண்டு அளவுகள் பதிவாகியிருக்கின்றன: அப்பாவின் நாற்காலிக்கு எடுத்தது ஒன்று, அம்மாவின் ஸ்டூலுக்கு எடுத்தது ஒன்று. ஓடிக்கொண்டிருப்பது முதலாவது.