சரோசாவுக்கு ஊர்க்கதை வேண்டும்

அங்கமுத்துவுக்கும் சரோசாவுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. சரோசா என்பது எருமை. பேர் வைத்தவள் அவர் பெண்டாட்டி ரெங்கம்மாள். எருமைக்கெல்லாம் பேரா என்று அவர் கேட்டதற்கு, "ஒங்களுக்கே ஒரு பேரு வச்சிருக்காங்களே, அதுக்கு வச்சா என்னவாம்?" என்று ஒரே போடாகப் போட்டு வாயை அடைத்துவிட்டாள்.

அடைப்பதற்கு அவருக்கு வாய் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எறையூர் சர்க்கரை ஆலைக்கு டிராக்டரில் கரும்பு ஏற்றிப் போகிற மனுஷன். நாள் முழுக்க இன்ஜின் சத்தத்தில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் "சோறு", "தண்ணி", "வரேன்". இதற்கு மேல் ஒரு வார்த்தை விழுந்தால் ரெங்கம்மாள் வாசலுக்குப் போய் மழை வருகிறதா என்று வானத்தைப் பார்ப்பாள். கொட்டகைப் பக்கம் அவர் போவது கரும்புத் தோகைக் கட்டை இறக்கிப் போட மட்டும்தான். அவரைக் கண்டால் சரோசா மூக்கைத் தூக்கி ஒரு மூச்சு விடும். அவரும் பதிலுக்கு ஒரு செருமல் செருமுவார். அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை.

ஆனால் அந்த எருமைக்கு மூளை இருந்தது என்பதை அவரும் ஒத்துக்கொள்வார். கட்டுக்கயிற்று முடிச்சை நாக்காலேயே அவிழ்க்கும். தண்ணீர்க் குழாயைக் கொம்பால் தட்டித் திறந்து குடிக்கும். குடித்தபின் மூடாது. மூடுவது ரெங்கம்மாள் வேலை என்று அது முடிவு பண்ணி வைத்திருந்தது.

தை மாதம், கரும்பு வெட்டு மும்முரமாக இருந்த சமயம். அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ரெங்கம்மாள் எழுந்திருக்கவில்லை. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அங்கமுத்து அழவில்லை. மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் நிமிர்ந்து பார்த்து, "கல்லு மாதிரி நிக்கிறாரே" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். மறுநாள் டிராக்டர் சாவியை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான்.

கருமாதி முடிந்த கையோடு மகள் புவனேஸ்வரி பேச்சை எடுத்தாள். அவள் வாழ்க்கைப்பட்டது ஜெயங்கொண்டத்தில்.

"தனியா கெடந்து என்னப்பா பண்ணப் போறீங்க? எங்களோட வந்துடுங்க. மாடியில ஒரு ரூமு சும்மாதான் கெடக்கு. புள்ளைங்களுக்கு லீவு விட்டதும் நானும் அவரும் வரோம். எருமையை யாருக்காச்சும் பேசி வித்துட்டு ஒங்களைக் கூட்டிக்கிட்டுப் போறோம்."

அங்கமுத்து ஒரு செருமல் செருமினார். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு மகள் பஸ் ஏறினாள்.

அதுவரைக்கும் எருமையைக் கறக்க வேண்டுமே. பக்கத்து வீட்டுச் சிந்தாமணி வந்து உட்கார்ந்தாள். ரெங்கம்மாளுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி, வாய்த்துடுக்குக்காரி. அவளுக்கு ஒரு உதை விழுந்தது, சொம்பு கூரைக்குப் போனது. காசுக்குக் கறக்கிற ஆள் வந்தான். அவனையும் சரோசா சாணியில் உட்காரவைத்து அனுப்பியது. கன்று முட்டினால் பால் விடும்; மனுஷக் கை பட்டால் உடனே மேலே ஏற்றிக்கொள்ளும். கன்று ஒன்றே எத்தனை குடிக்கும்? குடித்துக் குடித்து அதற்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. மடி கல்லாகிக்கொண்டு வந்தது.

"மாமா, சொல்றதைச் சொல்லிட்டேன்" என்றாள் சிந்தாமணி. "இப்புடியே விட்டா மடி கெட்டுப்போயிடும். அப்புறம் எவன் வாங்குவான்? அடிமாட்டு லாரிக்காரன்தான் வாங்குவான். எங்கக்கா புட்டிப்பால் குடுத்து வளத்த எருமை, ஆமா."

அந்தக் கடைசி வார்த்தை அங்கமுத்துவைச் சுவரோரத்திலிருந்து எழுப்பியது.

"என்ன பண்ணணும்ங்குற?"

"ஊருல எல்லாரும் பண்றதுதான். கறந்தவ போயிட்டா, அவ சீலையைக் கட்டிக்கிட்டுத்தான் கறக்கணும். வாடை தெரிஞ்சா தன்னால விட்டுடும்."

மறுநாள் விடிகாலையில் ரெங்கம்மாளின் பச்சைச் சேலையை அவர் கைலிக்கு மேலேயே சுற்றிக்கொண்டார். சிந்தாமணி கொசுவம் வைத்து, முந்தானையை இழுத்து முக்காடு போட்டு, மீசையை மறைத்துவிட்டாள். "குனிஞ்ச தல நிமிராம போ மாமா" என்று ஆசீர்வாதம் வேறு.

சரோசா காலிலிருந்து மோந்துகொண்டே மேலே வந்தது. வயிறு, தோள், கழுத்து. முக்காட்டுக்கு வந்ததும் நின்றது. மூக்கால் முக்காட்டைத் தள்ளி, மீசையை ஒரு நிதானமான பார்வை பார்த்தது. பிறகு முந்தானையைக் கடித்துப் பிடித்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி நடக்கத் தொடங்கியது. சேலை அவிழ அவிழ அங்கமுத்துவும் கூடவே சுற்றினார்.

அந்த நேரம் பார்த்துத்தானா பால் சொசைட்டி ராஜராஜன் கேனோடு வண்டியை நிறுத்த வேண்டும்?

சேலையைக் கண்ட பழக்கத்தில் "அக்கா, பாலு..." என்றவன் பாதியில் நிறுத்தினான். "யாரு... மாமாவா?"

"ம்."

"சரிங்க மாமா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

சிந்தாமணி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எங்கக்கா இருந்து இதைப் பாத்திருந்தா இன்னொரு தடவ செத்திருக்கும் மாமா, சிரிச்சே!"

அங்கமுத்துவுக்கு உதட்டோரம் துடித்தது. உடனே அதைக் கடித்து அடக்கிக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிந்தாமணிதான் சொன்னாள். "சீலை சரிதான். வாயி எங்க? அக்கா என்னைக்காச்சும் வாயை மூடிக்கிட்டுக் கறந்து பாத்திருக்கீங்களா? ஊர்க்கதை பூராவும் அதுகிட்டத்தான் கொட்டும். பாதி ஒங்க கதைதான். இது கேட்டுக்கிட்டே அசை போடும், பாலு பாட்டுக்கு வரும். நீங்க எங்க இதையெல்லாம் கண்டீங்க, டிராக்டர்ல இருந்தீங்க."

அன்று சாயங்காலம், சேலை இல்லாமல், வெறும் கைலியோடு போய் உட்கார்ந்தார். யாரும் இல்லை என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"இன்னைக்கி... வெயிலு" என்றார்.

சரோசா காதை ஆட்டியது.

"நல்ல வெயிலு."

ஒன்றும் வரவில்லை. வேறு என்ன சொல்வது? காலையில் நடந்ததையே சொன்னார். "ராஜராஜன் பய பாத்துட்டான். இந்நேரம் எறையூரு வரைக்கும் சொல்லியிருப்பான். எல்லாம் ஒன்னாலதான்டி. மானம் போச்சு." குரல் தானாக ஏறியது. சொம்பின் அடியில் 'சுர்'ரென்று ஒரு சத்தம். அங்கமுத்து குனிந்து பார்த்தார். பால். ஆச்சரியத்தில் வாயை மூடினார். பாலும் நின்றது.

அதிலிருந்து பிடித்தது வினை. சேதி வேண்டும், காலைக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று. அவருக்கு ஊரில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. டீக்கடையிலிருந்து பேப்பர் வாங்கி வந்து எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினார். சட்டசபைச் செய்தி பாதியிலேயே சரோசா வாலைத் தூக்கி மூத்திரம் போனது. ஒருநாள் சொந்தமாக ஒரு கதை கட்டிவிட்டார். அதற்கும் சொட்டு விழவில்லை. பொய் என்றால் அவர் குரலில் உப்பு இல்லாமல் போய்விடும் போலிருக்கிறது. அதை அது கண்டுகொண்டது.

வேறு வழியில்லாமல் கடைத்தெருவில் போய் உட்கார்ந்தார். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, கேட்டது விளங்கவில்லை என்றால் "அப்புறம்?" என்று கேட்கவும் பழகிக்கொண்டார். அங்கமுத்து வாயிலிருந்து "அப்புறம்?" வந்ததில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கே கை நின்றுபோனது. காரணம் தெரிந்ததும் ஊரே தாராளமாகிவிட்டது. போகிற வருகிறவர்கள் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

"மாமா, மேலத்தெரு இருசம்மா பூசணிக்கொடி வேலி தாண்டி அடுத்த வூட்டுல காய்ச்சிருக்கு. காயி யாருக்குன்னு காலையிலேருந்து சண்டை. சரோசாகிட்ட மறக்காம சொல்லுங்க."

பூசணிக்காய்ச் சண்டைக்குச் சொம்பு நிறைந்து நுரை வழிந்தது. தீர்ப்பு என்ன ஆனது என்று தெரியாமல் முடித்ததால் சரோசா கடைசிப் பாலை விடாமல் அடக்கிக்கொண்டது. மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேலத்தெருவுக்கே போய், "அந்தக் காய் என்னம்மா ஆச்சு?" என்று விசாரித்துவிட்டு வந்தார். சாம்பார் வைத்து ரெண்டு வீடும் சாப்பிட்டுவிட்டார்களாம். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள்.

ஒன்று மட்டும் அவரால் சொல்ல முடியாமல் இருந்தது. தினமும் கறந்து முடித்ததும் சரோசா தலையைத் திருப்பிக் கொல்லைக் கதவையே பார்க்கும். பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சாயங்காலம் அவர் எழுந்திருக்காமல் அப்படியே குந்தியிருந்தார்.

"அவ வரமாட்டா, சரோசா" என்றார். அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "செத்துப்போயிட்டா. நான் ஒன்கிட்ட சொல்லல. சொல்லியிருக்கணும்."

அதற்கு மேல் தொண்டை திறந்துகொண்டது. வாயில் துண்டை வைத்து அமுக்கியும் அடங்கவில்லை. அத்தனை நாள் தேங்கிக் கிடந்தது. சரோசா சொரசொரப்பான நாக்கால் அவர் பின்னந்தலையை நக்கியது. முடி கொஞ்சமாகத்தான் இருந்தது, அதையும் எல்லாப் பக்கமும் படியவைத்துவிட்டுத்தான் விட்டது. "போதும்டி, தோலு உரியுது" என்று சொல்லிவிட்டு அங்கமுத்து அழுகையோடு சிரித்தார்.

பிள்ளைகளுக்கு லீவு விட்டார்கள். புவனேஸ்வரியும் மாப்பிள்ளை அறிவரசனும் காரில் வந்து இறங்கினார்கள். கூடவே மாட்டுத் தரகர் அன்பழகன்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று அங்கமுத்து இதற்குள் எத்தனையோ தடவை போனை எடுத்திருந்தார். எருமையிடம் வருகிற பேச்சு மகளிடம் வரவில்லை. 'நல்லாருக்கியா, சரி, வச்சிடுறேன்' என்று வைத்துவிடுவார். இப்போது வாசலில் ஆள் வந்து நிற்கிறது.

அன்பழகன் பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார், மடியைத் தட்டிவிட்டுக் கறக்க உட்கார்ந்தார். சொட்டு வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். சரோசா காலைத் தூக்கி லேசாக அவரைத் தள்ளிவிட்டது.

"வத்திப்போச்சு மாப்ள" என்று அறிவரசனிடம் சொன்னார். "கறவைக்கு ஆகாது. லாரியில ஏத்துறதுன்னா ஏத்திக்கிறேன்."

அந்த லாரி எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். புவனேஸ்வரி அப்பாவைப் பார்த்தாள். "என்னப்பா? சும்மா நின்னா என்ன அர்த்தம்?"

மாப்பிள்ளைக்கு முன்னால் எருமையிடம் பேசுவதா? அங்கமுத்துவுக்குக் காது மடல் சுட்டது. தரகர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். அவ்வளவுதான், இவர் அவரைத் தள்ளிவிட்டுப் போய்ச் சொம்போடு குந்திவிட்டார்.

"சரோசா, கேட்டியா சேதிய? என்னை ஜெயங்கொண்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறாங்களாம். மாடியில ரூமாம். போன தடவ போனப்ப பாத்ரூம்ல எதையோ திருகினேன், தலைமேல கொட்டிடுச்சு. ஈரச்சட்டையோடயே ஊருக்கு வந்தேன், ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

'சுர்'ரென்று சொம்பில் விழுந்தது. தரகர் நிமிர்ந்தார்.

"மாப்ள தங்கமானவருதான். குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா சோறு திங்குறப்பவும் போனைத்தான் பாக்குறாரு. நான் யாருகூடப் பேசுறது, செவுத்தோடயா?"

அறிவரசன் கையிலிருந்த போன் மெல்லச் சட்டைப் பைக்குள் போனது.

"நீங்க என்னைக்குப்பா பேசியிருக்கீங்க?" என்றாள் புவனேஸ்வரி.

அவர் திரும்பவேயில்லை. "பாரு சரோசா, குறுக்க வர்றா. அப்புடியே இவ ஆத்தா. எனக்கு இந்த ஊரை வுட்டுட்டுப் போவ இஷ்டமில்லன்னு இவகிட்ட எப்புடிச் சொல்றது? அவ இருந்த வூடு இது. ஒன்னையும் வுட்டுட்டு நான் அங்க போய் என்ன பண்ணுவேன்? நீயே சொல்லு."

பால் சொம்பின் கழுத்தைத் தொட்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சிந்தாமணி, "நல்லா கேளு மாமா!" என்று குரல் கொடுத்தாள்.

புவனேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. "அண்ணே, நீங்க கெளம்புங்க" என்று தரகரிடம் சொன்னாள். "எருமையும் வரல, எங்கப்பாவும் வரல."

சொல்லிவிட்டு, நல்ல புடவை என்றுகூடப் பார்க்காமல், எருமைக்கு அந்தப் பக்கமாகப் போய்க் குந்தினாள்.

"சரோசா, இப்ப என் கதையைக் கேளு. கல்யாணம் முடிஞ்சு என்னை அனுப்பி வச்சன்னைக்கி இவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'பஸ்ஸுக்கு நேரமாச்சு'ன்னாரு. பெத்த பொண்ணுகிட்ட! அவ்வளவுதான் சொன்னாரு."

கன்றுக்கயிற்றைப் பிடிக்கச் சொல்லி அறிவரசனிடம் கொடுத்திருந்தார்கள். பால் வாசம் பிடித்த கன்று அவரைச் சாணிக் குழி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. அவர் "புவனா, புவனா" என்று கத்தியதை யாரும் சட்டை பண்ணவில்லை.

"பொய் சொல்றா, நம்பாத" என்றார் அங்கமுத்து, கையை நிறுத்தாமல். "'பாத்துப் போ'ன்னும் சொன்னேன். பஸ்ஸு சத்தத்துல இவளுக்குத்தான் கேக்கல."